திருவாதிரை மாலையை நந்தனுக்குக் கொடுங்கள்: மார்கழி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மார்கழி இசை விழா நடத்தும் சபைகளின் நிர்வாகிகளுக்கும், அந்த மேடைகளில் பாடும் வித்வான்களுக்கும் விதுஷிகளுக்கும்,

வணக்கம்.

அடுத்த சீசனுக்கு நிகழ்ச்சி நிரல் போட உட்காருவதற்கு முன்னால் நீங்கள் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான். மார்கழித் திருவாதிரை அன்று, மாலை நேரத்தில், உங்கள் பெரிய அரங்கில், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை, கதை அறுபடாமல் முதலிலிருந்து முடிவு வரை பாட வையுங்கள். காலையில் யாரும் வராத நேரத்தில் ஒரு விளக்க உரையாக வேண்டாம். விழா முடிந்தபின் ஒரு சிறப்பு நிகழ்ச்சியாகவும் வேண்டாம். நட்சத்திரக் கச்சேரிக்குக் கொடுக்கிற அந்த மாலை நேரத்தையே கொடுங்கள்.

ஏன் அந்த நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 'மார்கழி மாதம் திருவாதிரை நாள் வரப்போகுது ஐயே' என்று, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட பண்ணையாள் நந்தன் தன் ஆண்டையிடம் கெஞ்சுவது அந்த ஒரு நாளுக்காகத்தான். அந்த நாளில் தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் போய் நடராசரைப் பார்த்துவிட்டு வர அவனுக்கு உத்தரவு வேண்டும். சென்னையில் நாம் ஊரெல்லாம் அரங்கம் வைத்து, மூன்று வேளையும் பாடிக் கேட்டு மகிழும் மாதமும் அதே மார்கழிதான். சில வருடம் திருவாதிரை டிசம்பர் கடைசியில் வரும், சீசனின் நடுவில் விழும். சில வருடம் ஜனவரிக்குத் தள்ளிப் போகும். அப்போது விழாவை ஒரு நாள் நீட்டினால் போதும். இத்தனை வருடங்களில் இந்தப் பொருத்தம் பரவலாக ஒரு வழக்கமாகவே ஆகியிருக்க வேண்டும்.

இந்தப் பாட்டுகளை எழுதியவர் யார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்த செய்திகள்தான். ஆனால் இன்று பாடக் கற்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் சுப்பிரமணிய பாரதி, சுத்தானந்த பாரதி, கோபாலகிருஷ்ண பாரதி மூவரும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறார்கள். நிரலில் வெறும் 'பாரதியார்' என்று அச்சடித்துவிட்டால் அந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணம் என்ற ஊரில் 1811 வாக்கில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. சங்கீதம் தெரிந்த குடும்பம். சிறு வயதிலேயே ஆதரவு இழந்து, முடிகொண்டானில் இருந்து, அப்புறம் மாயவரத்துக்கு (இன்றைய மயிலாடுதுறை) பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்துக்கு வந்து சேர்ந்தார். முடிகொண்டான் என்ற ஊர்ப்பெயர் கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாயவரத்தில் கோவிந்த யதி என்ற துறவியிடம் வேதாந்தமும் யோகமும் படித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவிடைமருதூரில் மராட்டிய அரச குடும்பத்தின் அவையில் இருந்த ராமதாஸ் என்ற கலைஞரிடம் இந்துஸ்தானி சங்கீதமும் கற்றார். இன்று 'ஆடும் சிதம்பரமோ' பாட்டை பெஹாக் ராகத்தில் கேட்கும்போது எனக்கு அந்த ராமதாஸின் நினைவு வரும். அவரைப் பற்றி நமக்கு மிகக் கொஞ்சமே தெரியும். ஆனால் தில்லை அம்பலத்தைத் தவிர வேறெதையும் நினைக்காத ஒரு தமிழ்ச் சாகித்தியகர்த்தாவுக்கு வடக்கத்திச் சங்கீதத்தின் வாசலைத் திறந்துவிட்டவர் அவர்.

தியாகராஜரை அவர் திருவையாற்றில் போய்ப் பார்த்ததாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அங்கே சீடர்கள் ஆபோகியில் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அதே ராகத்தில் 'சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா' என்று பாடினாராம். அந்தச் சந்திப்பு எப்படி நடந்தது என்பதை விடுங்கள். கையில் இருக்கிற பாட்டைப் பாருங்கள். ஒரு தரம் சிவசிதம்பரம் என்று சொன்னால் போதும், வேறு புண்ணியம் வேண்டாம் என்று சரணத்தில் சொல்கிறார். அதே சரணத்தில், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மூவர் அவன் பதம் அடைந்ததைப் புராணம் சொல்லக் கேட்டோம் என்கிறார். மேடையில் ஆபோகியின் அழகில் மயங்கி, ஸ்வரம் போட்டு, கைதட்டு வாங்கி முடித்துவிடுகிறோம். சரணத்தில் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? தியாகராஜரின் பஞ்சரத்தினத்தைப் போலக் கன ராகங்கள் ஐந்திலும் நடராசர் மேல் இவர் பாடி வைத்தவையும் இருக்கின்றன. அவற்றைக் கச்சேரியில் கேட்பதே அபூர்வம்.

இப்போது நந்தனார் சரித்திரத்துக்கு வருகிறேன்.

சுந்தரர் தேவாரத்தில் திருநாளைப்போவார் என்ற நந்தனாருக்கு ஒரே ஒரு வரி. நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுத் தந்தார். சேக்கிழார் அதை ஒரு முழுப் புராணமாக விரித்தார். சேக்கிழாரின் நந்தனார் ஆதனூரில் இருக்கிறார். கோயில் பேரிகைக்குத் தோல் தருகிறார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தருகிறார், பூசைக்குக் கோரோசனை தருகிறார். தில்லைக்குப் போக ஆசை எழும்போதெல்லாம் தன் பிறப்பை நினைத்துத் தயங்கி, நாளைப் போவேன் என்று தள்ளிப் போடுகிறார். பெரிய புராணத்தில் ஆண்டை என்று யாரும் இல்லை. அவரைப் போகவிடாமல் தடுக்கிற மனிதர் யாருமே இல்லை.

கோபாலகிருஷ்ண பாரதி அங்கே ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வேதியர் என்று அவருக்குப் பெயர். நிலத்துக்குச் சொந்தக்காரர். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லைக்குப் போக வேண்டுமானால் ஆண்டை உத்தரவு தர வேண்டும். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் பயிராக்கிவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். முடியாத வேலையை நிபந்தனையாக வைப்பது என்றால் என்ன என்று காவிரிக் கரைக்காரர்களுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

இந்த ஒரு மாற்றத்தை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன். சேக்கிழாரில் நந்தனின் நாளை அவர் மனத்துக்குள் இருக்கும் தயக்கம். பாரதியிடம் அது ஆண்டை கொடுக்க மறுத்த விடுப்பு. தயக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தஞ்சைச் சீமையின் நில உறவை வைத்தார். இதைச் செய்தவர் பிராமணர். அவருக்குச் சோறு போட்டு ஆதரித்தவர்கள் ஆனந்ததாண்டவபுரத்து மிராசுதார்கள். அவர் கதை சொல்லப் போன ஊர்களில் எதிரே உட்கார்ந்து கேட்டவர்களில் நிலம் வைத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள், பண்ணையாட்களை வேலை வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். அந்தச் சபையில், அந்தக் காலத்தில், ஒரு பண்ணையாளின் குரலில் 'ஐயே' என்று கூப்பிட்டுப் பாடினார். கடைசியில் வேதியரை நந்தன் காலில் விழவும் வைத்தார்.

அவருக்கு இது எளிதாக நடந்துவிடவில்லை. மாயவரத்தில் அப்போது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தார். நூலுக்கு அவரிடம் சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டும் முகப்புப் பாட்டு) வாங்க பாரதி பல முறை போய்க் காத்திருந்தார். பிள்ளைக்கு மனம் இல்லை. இலக்கண வழுக்கள் இருக்கின்றன, பெரிய புராணத்திலிருந்து கதை விலகிப் போகிறது என்பவை அவருடைய குறைகள். ஒரு நாள் பிள்ளை உள்ளே ஓய்வாக இருக்கும்போது பாரதி வெளியே உட்கார்ந்து தம் பாட்டுகளைப் பாடினார். கேட்டுக் கேட்டுப் பிள்ளை உருகிப்போனார். எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி இது. ஐயரே 1871-இல் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயவரத்துக்கு வந்தபோது, தந்தையாரின் விருப்பப்படி பாரதியிடம் சங்கீதம் கற்கத் தொடங்கியவர். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் தமிழ்ப் படிப்பு நிற்கும் என்று அவர் நினைத்தார். மாணவர் சங்கீதத்தை விட்டார். அதனால் நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த மாணவர் பின்னால் தம் பாட்டு ஆசிரியரை மறக்கவில்லை. பாரதியின் வாழ்க்கையைத் தனியாக ஒரு நூலாகவே எழுதினார். அவர் எழுதாமல் போயிருந்தால் நரிமணமும் ராமதாஸும் பாயிரக் கதையும் நமக்கு வந்து சேர்ந்திருக்குமா?

நூல் அச்சேறியதற்குக் காரணமானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். காரைக்காலில் பதவியில் இருந்த சிசே என்பவர் இந்தக் கதையைக் கேட்டு மனம் பறிகொடுத்து, 1860-களின் தொடக்கத்தில் அதை அச்சிட உதவினார். நாகப்பட்டினத்தில் வணிகர் ஒருவர் தம் வீட்டிலேயே நாள் கணக்கில் இந்தக் கதையை நடத்த வைத்ததும் உண்டு. ஆக, முதலில் இந்தப் பாட்டைத் தாங்கிப் பிடித்தவர்கள் கதை கேட்க வந்த சாதாரண ஜனங்களும், அவர்களோடு உட்கார்ந்த ஓரிரு செல்வந்தர்களும், ஒரு வெள்ளைக்காரரும்.

அதன்பின் அது பரவிய வேகத்தைச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதை ஹரிகதை மேடைக்குக் கொண்டுபோனார். சுப்பிரமணிய பாரதி திலகர் காலத்து அரசியலைப் பாட்டாக்க நினைத்தபோது கை போன இடம் நந்தனார் சரித்திரத்து வர்ணமெட்டுகள். 'மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா' என்று நந்தனை நோக்கிப் பாய்கிற பாட்டின் மெட்டில்தான் 'தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா' பிறந்தது. ஆண்டையின் குரலை எடுத்து வெள்ளை அதிகாரியின் வாயில் வைத்துவிட்டார். மெட்டைக் கேட்டவுடனே ஜனங்களுக்கு யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த அளவுக்குத் தெருவெல்லாம் தெரிந்த பாட்டு அது. 'ஆண்டைக்கு அடிமைக்காரன் அல்லவே' என்ற பாட்டின் மெட்டிலும் அவர் எழுதியிருக்கிறார், 'ஓய் நந்தனாரே' மெட்டிலும் எழுதியிருக்கிறார். 1935-இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகப் படத்தில் நடித்தார், வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942-இல் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். கச்சேரி மேடையின் முதல் வரிசை வித்வான் ஒருவர் வேதியர் வேடம் போட முன்வந்த காலம் அது.

பிறகு என்ன ஆயிற்று? இதைத்தான் உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும்.

பாட்டுகள் கதையிலிருந்து கழன்று ஒவ்வொன்றாகக் கச்சேரிக்கு வந்தன. காம்போதியில் 'திருவடி சரணம்' பெரிய உருப்படியாக நின்றது, அதில் மகிழ்ச்சியே. மீதியெல்லாம் தனி ஆவர்த்தனம் முடிந்தபின் கச்சேரியின் கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடா வரிசைக்குப் போய்விட்டன. 'வருகலாமோ' பாட்டை எண்ணிப் பாருங்கள். கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா ஐயா என்று ஒரு மனிதன் கேட்கிற பாட்டு அது. ஒரு சீசனில் ஒரு பெரிய அரங்கில் அதைக் கேட்டேன். பாடியவர் மாஞ்சி ராகத்தை மிக அழகாகப் பாடினார். ஆனால் அந்த நேரத்தில் பாதிச் சபை பையைத் தேடிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்த மறு நொடி ஒரு தில்லானா. பாடியவரைக் குறை சொல்ல முடியாது, நாம் அந்தப் பாட்டுக்கு ஒதுக்கி வைத்த இடம் அப்படி.

இன்னொன்றும் நடக்கிறது. ஜோடியாக இருக்க வேண்டியவை பிரிந்துபோய்விட்டன. திருப்புன்கூரில் நந்தி நந்தனுக்குச் சந்நிதியை மறைத்துப் படுத்திருக்கிறது. 'வழி மறைத்திருக்குதே' என்று நந்தன் அழுகிறான். அந்த அழுகைக்குப் பதிலாக, சிவன் தன் வாகனத்திடம் 'சற்றே விலகி இரும் பிள்ளாய்' என்று சொல்கிறான். முதல் பாட்டை நாட்டைக்குறிஞ்சியில் ஒருவர் ஓர் ஊரில் பாடுகிறார். இரண்டாவதைப் பூர்வி கல்யாணியில் இன்னொருவர் வேறு ஊரில் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்போம்? கேட்டால்தான் தெரியும், அந்த 'சற்றே' எவ்வளவு மென்மையான சொல் என்று. ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோலச் சாமி சொல்கிறது. கோயில் விதியை யாரும் உடைக்கவில்லை, நந்தனும் உள்ளே வரவில்லை, மாடு மட்டும் கொஞ்சம் நகர்கிறது. இன்றும் அந்த ஊரில் நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் விலகித்தான் இருக்கிறது. அதேபோல 'மார்கழி மாதம் திருவாதிரை நாள்' என்ற கெஞ்சலும், அதற்கு 'மாடு தின்னும் புலையா' என்று வருகிற அடியும் ஒன்றாகக் கேட்க வேண்டியவை. கெஞ்சலை மட்டும் பாடினால் அது ஒரு பக்திப் பாட்டு. அடியும் சேர்ந்து விழும்போது கேட்கிறவருக்கு வலிக்கும். கோபாலகிருஷ்ண பாரதி அந்த வலியை வேண்டித்தான் எழுதினார்.

இங்கே கடினமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டுகளில் சாதிப் பெயர்கள் வருகின்றன. நந்தன் தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்கிறான், மற்றவர்களும் அவனை அப்படி ஏசுகிறார்கள். இன்று அந்தச் சொற்களை ஒருவர் மேடையில் அலங்காரமாக இழுத்துப் பாடினால், அந்தச் சொல்லால் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும்? அதனால் சிலர் சொல்லை மாற்றிப் பாடுகிறார்கள், சிலர் அந்த வரியையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் நந்தன் யார் என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. வெளியே நிற்பவன் ஏன் வெளியே நிற்கிறான் என்று தெரியாமலே வருகலாமோ என்ற கேள்வி மட்டும் காற்றில் மிதக்கிறது.

நூலின் முடிவையும் மறைக்கக் கூடாது. நந்தன் தில்லைக்குள் போவதற்குத் தீயில் இறங்க வேண்டியிருக்கிறது. சேக்கிழாரும் அப்படித்தான் முடித்தார், பாரதியும் அதை மாற்றவில்லை. ஆண்டையை அவ்வளவு துணிச்சலாக எழுதியவர் அந்தத் தீயைத் தொடவில்லை. அதைப் பற்றித் தலித் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் நீண்ட காலமாகக் கேட்டுவரும் கேள்விகள் நியாயமானவை. பாரதியை நேசிக்கிற நானும் அந்தக் கேள்வியோடுதான் அவரைக் கேட்கிறேன். முழுதாகப் பாடினால் இந்தக் கேள்வி அரங்கத்தில் எழும். எழட்டும் என்றுதான் கேட்கிறேன். தனித் தனித் துக்கடாவாகப் பாடுகிறவரை அது எழவே போவதில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். முழு நூலையும் ஒரு மாலையில் அப்படியே பாடிவிட முடியாது, எனக்குத் தெரியும். விருத்தம், கண்ணி, சிந்து, இருசொல் அலங்காரம், கீர்த்தனை என்று அதில் உருப்படிகள் ஏராளம். மூன்று மணி நேரத்துக்குள் கதை அறுபடாமல் இருபது உருப்படிகளைத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு அல்லது மூன்று பாடகர்கள் சேர்ந்து பாடலாம். ஒருவர் நந்தன், ஒருவர் வேதியர், இடையில் கதை சொல்ல ஒருவர். பழைய கதாகாலட்சேப முறையே இதற்குப் போதும், நாடக அலங்காரம் எதுவும் தேவையில்லை. சிந்தையும் கண்ணியையும் தள்ளிவிட்டுக் கீர்த்தனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று வித்வான்களைக் கேட்டுக்கொள்கிறேன். பண்ணையாட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் சண்டை போடுவதும் அந்த எளிய மெட்டுகளில்தான் இருக்கிறது. நந்தனைச் சொந்த சனமே தடுக்கிற இடமான 'நம்ம ஜாதிக்கு அடுக்குமோ' அங்கேதான் வருகிறது. சுப்பிரமணிய பாரதியைப் பிடித்து இழுத்ததும் அந்த மெட்டுகள்தான்.

பல பாட்டுகளுக்கு அச்சில் ராகமும் தாளமும் மட்டும்தான் இருக்கின்றன, பழைய மெட்டு கைக்கு வரவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். மெட்டுத் தெரிந்த பாட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு அந்தக் குறிப்பின்படி மெட்டமைக்க நம் ஊரில் வித்வான்களுக்கா பஞ்சம்? பழைய ஹரிகதை வழியில் வந்தவர்கள், ஓதுவார்கள், நாடகக் கொட்டகை மரபில் வந்தவர்கள் வீடுகளில் இன்னும் சில மெட்டுகள் தங்கியிருக்கும். ஒரு வருடம் முன்னதாகவே யாரையாவது இந்த வேலையில் அமர்த்தினால் நிறையக் கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆனந்ததாண்டவபுரம், மாயவரம், சிதம்பரம் பக்கத்து ஊர்களில் முதியவர்கள் இருக்கும்போதே தேட வேண்டிய விஷயம் இது.

அரங்கின் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பாட்டு வரிகள் அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்று கொடுங்கள். நூலின் சொற்களை மாற்றாமல் அச்சிடுங்கள். எந்தச் சொல்லைப் பாடுவது, எதைப் பாடாமல் படித்துக் காட்டுவது என்று பாடுகிறவர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்யட்டும், அந்த முடிவையும் காரணத்தையும் புத்தகத்திலேயே எழுதட்டும். நிகழ்ச்சிக்கு முன்னால் கால் மணி நேரம் தலித் சமூகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் நந்தன் கதையைப் பற்றிப் பேசட்டும். அவர் பாரதியைப் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அன்றைக்கு மேடையில் பறை இருக்க வேண்டும். கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தவரின் கதையைச் சொல்கிறோம். மிருதங்கம், கஞ்சிரா, தவில் எல்லாம் தோல் கருவிகள். அந்தத் தோலைப் பதம் பண்ணுகிற கைகளை நம் மேடை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பறைக் கலைஞர்களை அழைத்தால் வாசலில் வரவேற்புக்கு நிற்க வைத்துவிட்டு உள்ளே கச்சேரி நடத்துகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பக்கவாத்தியக்காரர்கள் உட்கார்கிற அதே மேடையில் இடம் கொடுங்கள், சன்மானமும் அதே அளவில் கொடுங்கள். அன்றைய மாலைக்கு டிக்கெட் வேண்டாம்.

தமிழிசை இயக்கம் 1940-களில் எழுந்தபோது, கச்சேரியில் தமிழுக்கு இடமே இல்லையா என்று கேட்டார்கள். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அப்போது நடந்த சண்டையில் யார் சரி யார் தவறு என்று இன்று பேசிப் பயனில்லை. தமிழ்ப் பாட்டுக்கு இன்று மேடையில் இடம் இருக்கிறது. என் கேள்வி அந்த இடம் எங்கே என்பதுதான். வர்ணத்திலிருந்து பிரதான உருப்படி வரை ஒரு வரிசை, மங்களத்துக்கு முன்னால் இன்னொரு வரிசை என்று இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதி இரண்டாவது வரிசையில் நிரந்தரமாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய திருநீலகண்ட நாயனார் சரித்திரம், இயற்பகை நாயனார் சரித்திரம், காரைக்காலம்மையார் சரித்திரம் எல்லாம் அந்த வரிசைக்குக்கூட வரவில்லை. நந்தன் வந்தால் அவர்களும் பின்னால் வருவார்கள்.

வித்வான்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சபை முன்வராவிட்டாலும் உங்களால் ஒன்று செய்ய முடியும். திருவாதிரையை ஒட்டி உங்களுக்குக் கச்சேரி இருந்தால், துக்கடாப் பகுதியில் மூன்று பாட்டு பாடுகிறவர்கள் அந்த மூன்றையும் நந்தனுக்கே கொடுங்கள். 'வழி மறைத்திருக்குதே', 'சற்றே விலகி இரும் பிள்ளாய்', 'வருகலாமோ' என்று அந்த வரிசையிலேயே பாடுங்கள். பாடுமுன் நந்தன் எங்கே நிற்கிறான் என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அல்லது 'சபாபதிக்கு' பாடும்போது சரணத்தைச் சுருக்காமல், ஸ்வரத்துக்கு அவசரப்படாமல், நிதானமாகப் பாடுங்கள். உங்கள் மாணவர்களுக்கு இந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கும்போது ராகத்தோடு கதையையும் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இந்தப் பாட்டைப் பாடுகிறாள் என்றால், யாருடைய குரலைத் தன் குரலில் தாங்குகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அவள் பாடுவதே மாறும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

நிரல் முடிவு செய்யும் கூட்டங்கள் பல சபைகளில் ஆண்டின் நடுவிலேயே நடந்துவிடுகின்றன. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். எல்லாச் சபைகளும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், ஒரு சபை முதலில் செய்யட்டும். பாட்டு வரிசையைத் தொகுக்கவும், பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கவும், வரிப் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்தவும் இங்கே எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். பணம் எதுவும் வேண்டாம். எந்தச் சபை முன்வந்தாலும் தெரிவியுங்கள், மறு வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மாயவரம் பக்கத்து ரசிகர் ஒருவர்